பினாங்கும் இரட்டையர் ஆட்டமும்

இரட்டையர் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழாசிரியர் மனத்தில் முதலில் எழுவது இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப் புலவரின் உருவமே. ஒருவர்க்குக் கால் இல்லை. மற்றவர்க்குக் கண் இல்லை. காலில்லாதவரைக் கண்ணில்லாதவர் தோளிற் சுமந்து நடந்தார் என்றும், பாட்டின் முற்பாதியை ஒருவர் தொடங்கப் பிற்பாதியை மற்றவர் முடித்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். தில்லைக் கலம்பகம் அவர்கள் பாடிய நூல். அதில் எந்த அடி எவருடையது என்று இன்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இருவர்க்கும் சேர்த்து ஒரே பெயர்தான் இலக்கிய வரலாற்றில் நிற்கிறது.

செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலும் இச்சொல் நாள்தோறும் வருகிறது. ஒற்றையர் பிரிவு, இரட்டையர் பிரிவு என்று டென்னிசுக்கும் பூப்பந்துக்கும் பொதுவாகவே எழுதுகிறோம். பூப்பந்து என்ற சொல்லிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. மலேசியத் தமிழர் பூப்பந்து என்பது இறகு செருகிய பந்தை மட்டையால் அடித்தாடும் ஆட்டத்தை. தமிழ்நாட்டில் அதற்கு இறகுப்பந்து என்று பெயர். அங்கே பூப்பந்து என்றால் கம்பளி நூற்பந்தைக் கொண்டு ஆடும் வேறோர் ஆட்டமாகும். அது தஞ்சாவூர்ப் பக்கத்தில் தோன்றியது என்பர். இக்கட்டுரையில் பூப்பந்து என்பது மலேசிய வழக்கின்படியே ஆளப்படுகிறது.

ஒற்றையர் ஆட்டத்தில் வென்றவனைப் பாராட்டுவது எளிது. முகம் ஒன்று, பெயர் ஒன்று. பள்ளிகளில் நடைபெறும் பொது அறிவுப் போட்டிகளிலும் ஒற்றையர் வெற்றியாளர் பெயரையே கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் மலாயா, மலேசியா ஆகியவற்றின் விளையாட்டு வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். ஆல் இங்கிலாந்துப் பூப்பந்துப் போட்டியில் மலாயா பெற்ற முதற்பட்டம் 1949ஆம் ஆண்டு ஆண்கள் இரட்டையர் பட்டம். ஒலிம்பிக் போட்டியில் மலேசியா பெற்ற முதற்பதக்கம் 1992ஆம் ஆண்டு ஆண்கள் இரட்டையர் பூப்பந்தில் கிடைத்த வெண்கலம். உலகப் பூப்பந்து வாகையர் போட்டியில் மலேசியா பெற்ற முதல் தங்கம் 2022ஆம் ஆண்டு கிடைத்தது. அதுவும் ஆண்கள் இரட்டையரே. மூன்று வாயில்களையும் திறந்தவர்கள் இருவர் இருவராய்ச் சென்றவர்கள். இவ்வரிசையின் தொடக்கத்தில் பினாங்குத் தீவு நிற்கிறது.

1949ஆம் ஆண்டு பிப்ரவரியில் தாமஸ் கிண்ணத்திற்கான முதற்போட்டி இங்கிலாந்தில் முடிவுற்றது. கிளாஸ்கோ நகரில் அமெரிக்காவை 6-3 என்று வென்ற மலாயாக் குழு, பிரெஸ்டன் நகரில் டென்மார்க்கை 8-1 என்று வென்று கிண்ணத்தைக் கைக்கொண்டது. அக்காலத்துத் தாமஸ் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்கள்: ஒற்றையர் ஐந்து, இரட்டையர் நான்கு. இரட்டையரில் வலுவில்லாத நாடு கிண்ணத்தை நினைத்தும் பார்க்க இயலாது. ஜப்பானியர் ஆட்சியின் துன்பம் நீங்கி நான்கு ஆண்டுகூட நிறையாத நாடு, ஐரோப்பியரை அவர்கள் மண்ணிலேயே வென்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது மலாயாவில் அவசர காலச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

அதையடுத்து இலண்டன் ஹாரிங்கே அரங்கில் ஆல் இங்கிலாந்துப் போட்டி நடைபெற்றது. உலக வாகையர் போட்டி 1977ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதற்கு முன்னெல்லாம் ஆல் இங்கிலாந்தில் வென்றவரையே உலக வீரராக மதித்தனர். பினாங்கைச் சேர்ந்த ஊய் தெய்க் ஹொக் அவ்வாண்டு ஒற்றையர் இறுதியாட்டம் வரை முன்னேறி, அமெரிக்கரான டேவிட் ஃப்ரீமனிடம் தோற்றார். ஆயினும் தியோ செங் கூனுடன் இணைந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் பட்டம் அவருடையதாயிற்று. தனியே நின்று எட்டாத உயரத்தை ஒரு துணையோடு அவர் எட்டினார். அடுத்த ஆண்டு வோங் பெங் சூன் ஒற்றையர் பட்டம் பெற்றார். அவர் பெயரை அறிந்தோர் பலர். 1949ஆம் ஆண்டு இணையரின் பெயரை அறிந்தோர் சிலரே.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஆல் இங்கிலாந்துப் போட்டி 1899ஆம் ஆண்டு தொடங்கியபோது அதில் ஒற்றையர் ஆட்டமே இல்லை. ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என்பவை மட்டுமே நடந்தன. ஒற்றையர் மறு ஆண்டுதான் சேர்க்கப்பட்டது. டென்னிசில் நிலைமை நேர்மாறு. விம்பிள்டனில் ஒற்றையர் 1877ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆண்கள் இரட்டையர் 1884ஆம் ஆண்டுதான் வந்து சேர்ந்தது. ஆகவே பூப்பந்தில் இரட்டையரே மூத்த பிள்ளை.

இங்கே ஒரு வினா எழுகிறது. இத்தனை திறம்பட மட்டை பிடித்த பினாங்கு, டென்னிசில் ஏன் அவ்வாறு உலகப் பட்டங்களை வெல்லவில்லை? மலாயாச் சீனராகிய கூ ஹூயி ஹை என்பவர் 1924ஆம் ஆண்டு விம்பிள்டனில் இரண்டாம் சுற்று வரை ஆடியிருக்கிறார். ஆகவே டென்னிஸ் அறியாத நாடு என்று சொல்ல முடியாது. ஜார்ஜ் டவுன் நகரிலும் டென்னிஸ் களங்கள் இருந்தன. ஆனால் அவை சங்கங்களுக்குள் இருந்தன. கடற்கரை எஸ்பிளனேட் திடலின் ஒரு முனையில் ஐரோப்பியர் சங்கம், மறு முனையில் யுரேசியர் சங்கம். செல்வச் சீனர்கள் 1892ஆம் ஆண்டு தங்களுக்கென ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தை அமைத்துக்கொண்டு பர்மா சாலைப் பக்கத்தில் ஆடினர். எந்தச் சங்கத்திலும் இடமில்லாதவனுக்கு டென்னிஸ் களமும் இல்லை.

அளவைக் கொண்டு பார்த்தாலும் காரணம் விளங்கும். இரட்டையர் டென்னிஸ் களம் 78 அடி நீளம், 36 அடி அகலம். பந்து ஓடுவதற்குச் சுற்றிலும் மேலும் இடம் வேண்டும். புல்லை வெட்டி உருளை போட்டுச் சமன் செய்ய ஆள் வேண்டும். பூப்பந்துக் களமோ இரட்டையர்க்கு 44 அடி நீளம், 20 அடி அகலமே. பரப்பளவில் டென்னிஸ் களம் அதனைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பூப்பந்துக்கு ஒரு வீட்டு முற்றம் போதும். கோயில் வெளி, பள்ளித் திடலின் ஓரம், கம்பத்துத் தென்னை நிழல் போதும். இரண்டு கழிகளை நட்டு ஒரு கயிற்றைக் கட்டினால் வலை ஆயிற்று. தோட்டங்களில் லயத்துக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட மண்தரையிலும் இவ்வாறே ஆடினர். காற்றடித்தால் இறகு விலகும் என்பது ஒன்றே குறை. காற்று எழுவதற்கு முன்னும் அது தணிந்த பின்னும் ஆட வேண்டியதுதான்.

களம் சிறிதாயினும் ஆட வந்தோர் பலர். இருவர் மட்டுமே ஆடினால் மற்றவர் வரிசையில் நின்று சலிக்க வேண்டும். நால்வர் ஆடினால் காத்திருப்போர் குறைவர். சிற்றூர்த் திடலில் இரட்டையர் ஆட்டம் ஓங்கியதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் தேவையில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பூப்பந்து ஆடுவோர் அமைத்த சிறு குழுக்களுக்குப் 'பார்ட்டி' என்றே பெயர் வைத்தனர். விருந்துக்குக் கூடுவதுபோல் ஆட்டத்துக்குக் கூடினார்கள் போலும்.

ஒரு முரணையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. டென்னிஸ் பந்தின் கூடு ரப்பரால் ஆனது. காற்றடைத்த ரப்பர்ப் பந்து இல்லையேல் புல்தரையில் அது எழும்பாது. அந்த ஆட்டமே பிறந்திராது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகுக்கு ரப்பர் வழங்கிய பெருநிலம் மலாயா. விடியுமுன் எழுந்து பால் மரம் சீவிய தமிழனுக்குத் தோட்டத் துரைமாரின் கிளப்பில் அப்பந்து எழும்புவதை வேலிக்கு வெளியே நின்று காணும் உரிமையே பெரும்பாலும் கிடைத்தது.

மீண்டும் பினாங்குக்கு வருவோம். 1950ஆம் ஆண்டளவில் டேவிட் சூங், எடி சூங் என்னும் உடன்பிறப்புகள் கல்விக்காக இங்கிலாந்து சென்றனர். வசதியுள்ள பினாங்குச் சீனக் குடும்பத்தார். டேவிட் அண்ணன், எடி தம்பி. இவர்கள் 1951, 1952, 1953 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆல் இங்கிலாந்து ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றனர். எடி ஒற்றையரிலும் 1953, 1954, 1956, 1957 ஆகிய நான்கு ஆண்டுகள் பட்டம் பெற்றார். எடி உருவத்தில் மிகச் சிறியவர். உயரம் இல்லாத குறையைத் துள்ளல் கொண்டு ஈடு செய்தார். தரையினின்று எம்பி அந்தரத்தில் நின்றபடி இறகைக் கீழ்நோக்கி அறையும் அவருடைய அடியைக் காணவே மக்கள் கூடினர். டேவிட் 2011ஆம் ஆண்டிலும் எடி 2013ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

உடன்பிறந்தோர் இரட்டையரில் சிறப்பதற்குக் காரணம் உண்டு. பூப்பந்து இரட்டையரில் தாக்கும்போது ஒருவர் வலையருகே முன்னும் மற்றவர் பின்னும் நிற்பர். தற்காக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக விரிந்து நிற்பர். இந்த மாற்றம் ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை நிகழும். நடுவே விழும் இறகை யார் எடுப்பது என்று வாய்விட்டுக் கேட்க நேரமில்லை. துணைவன் மட்டையை ஓங்கும் விதத்தைக் கொண்டே அவன் அடுத்து எங்கே நகர்வான் என்று உணர வேண்டும். ஒரே முற்றத்தில் சிறு வயது முதல் ஆடிய அண்ணன் தம்பிக்கு இப்பழக்கம் இயல்பாகவே அமைகிறது. சர்வீஸ் முறையும் அப்படியே. இரட்டையர் களம் ஒற்றையர் களத்தைவிட மூன்றடி அகலம் மிகுந்தது. ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய எல்லை பின்புறத்தில் இரண்டரை அடி குறைவு. ஆகவே சர்வீசைத் தாழ்வாக, வலையை உரசுமாறு அனுப்பும் நுண்மை வேண்டும். முரட்டு வலிமைக்கு இங்கே முதலிடமில்லை.

சூங் உடன்பிறப்புகளுக்குப் பின் 1954ஆம் ஆண்டு ஊய் தெய்க் ஹொக் மறுபடியும் வந்தார். இம்முறை துணை, சரவாக்கின் கூச்சிங் நகரிற் பிறந்து சிங்கப்பூருக்காக ஆடிய ஓங் போ லிம். முதற்பட்டத்துக்கும் இதற்கும் இடையே ஐந்து ஆண்டு கழிந்திருந்தது, துணைவர் மாறியிருந்தார், பட்டம் மாறவில்லை. 1957ஆம் ஆண்டு மலாயாவின் ஹியா ஹொக் ஆவுன் அமெரிக்கரான ஜோசப் ஆல்ஸ்டனோடு சேர்ந்து வென்றார். 1959ஆம் ஆண்டு லிம் சே ஹப், தே கியூ சான் இணையர் வென்றனர். 1949 முதல் 1959 வரையிலான பதினோர் ஆண்டுகளில் ஏழு ஆண்டு மலாயாக்காரர் பெயர் ஆண்கள் இரட்டையர் பட்டத்தில் இருந்தது. இவர்களுக்கெல்லாம் பரிசுப் பணம் கிடையாது. பொழுதுபோக்கு வீரர் என்னும் விதிக்கு உட்பட்டுத் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே ஆடியவர்கள் இவர்கள். டென்னிசில் தொழில்முறை ஆட்டக்காரர்க்கு 1968ஆம் ஆண்டு கதவு திறந்தது; பூப்பந்தில் அக்கதவு 1970களின் இறுதி வரை மூடியே இருந்தது.

டென்னிசில் இரட்டையர் கண்ட பெருமையை அறியத் தமிழ்நாட்டை நோக்க வேண்டும். தந்தை டி. கே. இராமநாதனிடம் பயின்ற இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியை எட்டியவர். ஆயினும் 1966ஆம் ஆண்டு மெல்போர்னில் நடந்த டேவிஸ் கிண்ண இறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றபோது, அந்த ஒரே வெற்றி இரட்டையரில்தான் கிடைத்தது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் என்னும் பேரிணையரை வென்றனர். 1974ஆம் ஆண்டு கல்கத்தாவில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சென்னை உடன்பிறப்புகளாகிய ஆனந்த், விஜய் அமிர்தராஜ் இருவரும் ஆடிய இரட்டையர் ஆட்டம் 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று முடிந்தது. மொத்தம் தொண்ணூற்றொன்பது கேம்! அண்ணன் தம்பியாக இல்லாதிருந்தால் இடையிலேயே ஒருவரையொருவர் கடிந்துகொண்டிருப்பார்கள். இந்தியா வென்று இறுதிக்குச் சென்றது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து இறுதியாட்டத்தை ஆடாமல் விட்டது. 1976ஆம் ஆண்டு அவ்விருவரும் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதியை அடைந்தனர்.

பின்னர்ச் சென்னையிலேயே தொழில்முறைப் போட்டி நிலைபெற்றது. 1996ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கிய அது மறு ஆண்டு சென்னை நுங்கம்பாக்கம் அரங்கிற்கு வந்து 2017ஆம் ஆண்டு வரை அங்கே நடந்தது. 1997ஆம் ஆண்டு அதன் இரட்டையர் பட்டத்தை வென்றவர்கள் லியாண்டர் பயசும், சென்னையிற் பிறந்த மகேஷ் பூபதியும். இரண்டே ஆண்டில், 1999ஆம் ஆண்டில், அவர்கள் பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் பெற்றனர். பின்பு பிணங்கிப் பிரிந்தனர். 2011ஆம் ஆண்டு ஒன்றுகூடி அதே நுங்கம்பாக்கத்தில் மீண்டும் வென்றனர். இத்தனை இருந்தும் தொழில்முறை டென்னிசில் இரட்டையர்க்குரிய பரிசுத்தொகை ஒற்றையர்க்குரியதைவிட மிகக் குறைவு. ஒற்றையரில் முன்னணியில் இருப்போர் பலர் இரட்டையர் பக்கமே வருவதில்லை.

பூப்பந்தில் தமிழர் பங்கு என்ன என்று கேட்போர்க்கு விடையாக நிற்பவர் பஞ்ச் குணாளன். 1944ஆம் ஆண்டிற் பிறந்தவர். இவருடைய கதையைச் சொல்லுமுன் இவர் யாருக்குத் துணையானார் என்பதைச் சொல்ல வேண்டும். இங் பூன் பீ என்பவர் டான் யீ கானுடன் சேர்ந்து 1962, 1966ஆம் ஆண்டுகளில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 1965, 1966ஆம் ஆண்டுகளில் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தையும் வென்றவர். அந்த 1966ஆம் ஆண்டில் ஒற்றையர் பட்டமும் மலேசியாவுக்கே கிடைத்தது. பெற்றவர் பினாங்கில் பிறந்த டான் அய்க் ஹுவாங். 1967ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் தாமஸ் கிண்ண இறுதி. மலேசியா 4-3 என்று முன்னே நின்ற நேரத்தில், இங் பூன் பீயும் டான் யீ கானும் ஆடிக்கொண்டிருந்த இரட்டையர் ஆட்டத்தில் பார்வையாளர் கூச்சல் அடங்காமையால் நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். எஞ்சியவற்றை நியூசிலாந்தில் ஆடலாம் என்றதற்கு இந்தோனேசியா இணங்கவில்லை. 6-3 என்ற கணக்கில் கிண்ணம் மலேசியாவுக்கு வழங்கப்பட்டது.

இத்தகைய பெருவீரர் புதிய துணை தேடியபோது வந்து சேர்ந்தவர் குணாளன். பழுத்த இணையர் பிரிந்த பின் அவ்விடத்தில் நிற்பது எளிதன்று. ஒவ்வோர் அடியும் முன்னவரோடு ஒப்பிடப்படும். குணாளனோ எதிராளியை ஏமாற்றும் மணிக்கட்டு வித்தையில் வல்லவர்; இறகு வலப்புறம் போகும் என்று நம்பவைத்து இடப்புறம் அனுப்புவார். 1970ஆம் ஆண்டு எடின்பரோவில் காமன்வெல்த் இரட்டையர் தங்கம், அதே ஆண்டு பேங்காக்கில் ஆசிய விளையாட்டு இரட்டையர் தங்கம், 1971ஆம் ஆண்டு ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம் என்று மூன்றையும் இவ்விணையர் பெற்றனர். நாட்டில் 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரம் நடந்து ஓராண்டே கழிந்திருந்தது. இனத்துக்கு இனம் ஐயத்தோடு நோக்கிய அக்காலத்தில் ஒரு சீனரும் ஒரு தமிழரும் ஒரே களத்தில் ஒருவர் விட்ட இடத்தை ஒருவர் நிரப்பி நின்றனர். மலேசிய வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த இணையருக்கு அரைப்பக்கமேனும் ஒதுக்கியிருக்கலாம்.

குணாளன் தனித்தும் சிறந்தவரே. 1970ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு ஒற்றையர் தங்கமும், 1974ஆம் ஆண்டு கிரைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கமும் அவருடையவை.  அவ்வாண்டே ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் இந்தோனேசியாவின் ருடி ஹர்த்தோனோவை மூன்றாம் ஆட்டம் வரை இழுத்துச் சென்று தோற்றார். ஆல் இங்கிலாந்துப் பட்டியலில் வாகையர் என்று அவர் பெயர் இடம்பெற்றிருப்பது இரட்டையரில் மட்டுமே.

அடுத்த தலைமுறையில் மீண்டும் உடன்பிறப்புகள் வந்தனர். சிலாங்கூர், பந்திங் வட்டாரத்துக் கம்பத்தில் தந்தை சிடேக் தம் புதல்வர் ஐவரையும் பூப்பந்தில் பழக்கினார். அவர்களுள் ரசிஃப், ஜாலானி இருவரும் 1982ஆம் ஆண்டு ஆல் இங்கிலாந்து இரட்டையரை வென்றனர். இறகின் முனையைத் தட்டாமல் தோகையை உரசி அது திசை தெரியாமல் சுழலுமாறு அனுப்பும் ஒரு சர்வீசை அவர்கள் கையாண்டனர். எதிர்த்தாட எவராலும் இயலாமற் போகவே உலகச் சங்கம் அதைத் தடை செய்தது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் பூப்பந்து ஒலிம்பிக்கில் முறையாகச் சேர்க்கப்பட்டபோது நாட்டின் முதற்பதக்கத்தைக் கொணர்ந்தவர்களும் இவ்விருவரே.

குணாளன் ஆட்டத்தை நிறுத்திய பின் உலகப் பூப்பந்துச் சங்கத்தின் துணைத் தலைவர் பொறுப்பு வரை உயர்ந்தார். பழைய கணக்கில் சர்வீஸ் செய்பவர்க்கே புள்ளி. இரட்டையரில் முதல் கை இழந்தால் இரண்டாம் கை என்று ஒரு பக்கத்தார்க்கு இருமுறை வாய்ப்பு. பதினைந்து புள்ளியை எட்ட நெடுநேரம் பிடிக்கும். ஒவ்வோர் அடியாட்டத்துக்கும் ஒரு புள்ளி, இருபத்தொன்றில் முடிவு, இரட்டையர்க்கும் ஒரே சர்வீஸ் வாய்ப்பு என்னும் புதிய கணக்கு 2006ஆம் ஆண்டு நடைமுறைக்கு வர முன்னின்று உழைத்தவர் அவர். பழைய வீரர் பலர் அதை வெறுத்தனர். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் காலமானார். அதற்குப் பத்தாண்டுக்குப் பின், 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தோக்கியோவில் ஆரோன் சியாவும் சோ வூய் யிக்கும் இந்தோனேசியாவின் அஹ்சான், செத்தியாவான் இணையரை 21-19, 21-14 என்று குணாளன் கொணர்ந்த அந்தக் கணக்கிலேயே வென்று, மலேசியாவின் முதல் உலகத் தங்கத்தைப் பெற்றனர்.